இலையின் அடிப்பக்கம்

அசையாம உக்காருங்க மேடம்னு சொல்லிட்டாரு, உக்காந்திருக்கேன். அசையக் கூடாதுன்னு ஒருத்தர் சொன்ன நிமிஷத்துலதான் உடம்புல இல்லாத இடமெல்லாம் அரிக்குது. கல்லு சில்லுனு இருக்கு, ஈரம் சுடிதாரைத் தாண்டி உள்ள வந்தாச்சு. இடது கணுக்கால்ல ஒரு குறுகுறுப்பு, ஷூவுக்குள்ள அட்டை ஏறியிருக்கு போல, குனிஞ்சு பாத்தா அசைஞ்சதா ஆயிடும், குடிக்கட்டும், நான் பண்ணி வச்சிருக்கிற காரியத்துக்கு அட்டையாவது குடிக்கட்டும். மே மாசம், கீழ திண்டுக்கல்லுல சனம் வெந்துக்கிட்டு இருக்கும், இங்க மேல்மலையில எனக்கு மூக்கு நுனி மரத்துப் போச்சு. எதுத்தாப்புல ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் மண் கரை, கரைக்கு மேல சோலை, எல்லாத்துக்கும் மேல பனி. பக்கத்துப் பாறையில ஜபருல்லா சார். ஒரே காலேஜ், அவரு விலங்கியல், நான் தாவரவியல், ஒரே வராண்டாவுக்கு ரெண்டு முனை. அவரு தேடி வந்தது சோலைக்கிளியை. பேருலதான் கிளி, கிளியெல்லாம் கிடையாது, நீல முதுகும் வெள்ளை வயிறுமா ஒரு கைப்பிடிக்குள்ள அடங்குற பறவை, இந்த மாதிரி மலை உச்சிச் சோலையை விட்டா உலகத்துல வேற எங்கயும் இல்ல. அதோட பாட்டைக் கேட்டா விரலைத் தூக்கணும், எந்தப் பக்கம்னு காட்டணும், வாயைத் திறக்கக் கூடாது, வெயில் ஓடைக்கல்லு மேல விழுற வரைக்கும் இதுதான் வேலை. பெரணிச் செடிக்காரி நான் எதுக்கு இங்கன்னா, சாருக்குக் காது போயிக்கிட்டு இருக்கு. வலது காது சுத்தமா மந்தம். இடது காதுல பேச்சு விழும், பறவையோட மெல்லிசான சத்தம் விழாது. பறவைக்காரருக்குக் காது போறதுன்னா என்னனு யோசிச்சுப் பாருங்க. டிபார்ட்மெண்ட்ல ஒருத்தருக்கும் தெரியாது. வண்டியில வரும்போது, ஜன்னலைப் பாத்துக்கிட்டே, ஏதோ டீ குடிக்கலாமான்னு கேக்கிற மாதிரி என்கிட்ட சொன்னாரு. நீங்க கேட்டுச் சொல்லுங்க மேடம், உங்க காது நல்ல காதுன்னாரு. நல்ல காதுதான். உள்ள இருக்கிறவதான் நல்லவ இல்ல.

நேத்துக் காலையில இதே கல்லுல உக்காந்து எத்தனை தடவை விரலைத் தூக்கினேன். மேல அந்த நாவல் மரத்துல ஆண் பறவை பாட, கீழே இருந்து இன்னொண்ணு பதிலுக்குச் சின்னதா ஏதோ சொல்ல, நான் விரலைத் தூக்க, சார் என் விரலைப் பாத்துட்டுப் பாட்டையே கேட்ட மாதிரி சிரிக்க. இன்னைக்கு ஒண்ணும் இல்ல. ஓடை மட்டும் சலசலங்குது. சார் ரெண்டு தடவை என் பக்கம் திரும்பிப் பாத்துட்டாரு, நான் இல்லைன்னு தலையாட்டினேன். மூணாந்தடவை பாக்கப் போறாரு. பாக்காதீங்க சார். என் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கும். வீட்டுல பால் பொங்கி வழிஞ்சாலே என் மூஞ்சியைப் பாத்து என் வீட்டுக்காரரு கண்டுபிடிச்சுடுவாரு. வனத்துறை ஆபீஸ்ல எங்களைக் கூப்பிட்டு ஒரு வேலை குடுத்தாங்க, அதுல ஆரம்பிச்சது எல்லாம். இந்த ஓடையோரமா சுற்றுலா வர்றவங்களுக்குப் படிக்கட்டு போடணும்னு ஒரு பக்கம் கேக்கிறாங்க. வேண்டாம், இதை அடைச்சுக் காப்பாத்தணும்னா அதுக்கு ஒரு காரணம் வேணும், முன்னால நிறுத்தறதுக்கு ஒரு உயிர் வேணும். சாரோட சோலைக்கிளி ஒண்ணு இருக்கு, மேடத்தோட பெரணி ஒண்ணு இருக்கு, ரெண்டையும் ஒப்பிட்டு எது வலுவானதுன்னு சேந்து எழுதிக் குடுங்கன்னாங்க. ஒப்பிடணுமாம். நான் அப்பவே சிரிச்சேன். எப்படி ஒப்பிடறது? அதுக்குக் குரல் இருக்கு, கண்ணு இருக்கு, குஞ்சு இருக்கு. அதைப் படம் போட்டு வாசல்ல ஒட்டினா ஸ்கூல் பிள்ளைங்க நின்னு பாக்கும். என் பெரணிக்குப் பூ கிடையாது, காய் கிடையாது, வாசனை கிடையாது, தமிழ்ல ஒரு பேரு கூடக் கிடையாது, வாயில நுழையாத லத்தீன் பேரு ஒண்ணு, அதையும் என்னைச் சேத்து நாலு பேருதான் சொல்லுவோம். அதுகிட்ட இருக்கிறதெல்லாம் இலையோட அடிப்பக்கத்துல காப்பித்தூள் மாதிரி வரிவரியா ஒட்டிக்கிட்டு இருக்கிற விதைத்தூள்தான். திருப்பிப் பாத்தாத்தான் தெரியும். யாரு திருப்பிப் பாக்கிறா? சோலைக்கிளி அழிஞ்சுக்கிட்டு இருக்குன்னு உலகத்துக்கே தெரியும், அழியுற உயிருங்களோட பட்டியல்ல அதுக்குச் சிவப்பு எழுத்துல இடம் இருக்கு. இது அழிஞ்சுக்கிட்டு இருக்கா இல்லையாங்கிறதே யாருக்கும் தெரியாது, தகவல் போதாதுன்னு ஒரு வார்த்தையோட முடிச்சுட்டாங்க. பறவைங்கிற இனமே பொறக்காத காலத்துல இருந்து பெரணி இருக்குங்கிறதைச் சொன்னா, அப்படியா மேடம்னு கேட்டுட்டு அந்த ஆபீசர் அம்மா அடுத்த வாக்கியமா, குஞ்சு பொரிச்சிருக்கிற போட்டோ ஏதாவது கிடைக்குமா சார்னு ஜபருல்லா சாரைக் கேட்டாங்க. இங்க அது குடும்பம் நடத்துதுன்னு காட்டிட்டா படிக்கட்டு வராதாம். வர்ற வழியெல்லாம் நான் முணுமுணுத்துக்கிட்டே வந்தேன். சார் முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாரு.

அட்டை கழண்டு விழுந்துடுச்சோ, குறுகுறுப்பு நின்னு போச்சு. இல்ல, காலே மரத்துப் போயிருக்கும். நேத்து மத்தியானம் சாரு ரெஸ்ட் ஹவுஸ்ல படுத்துட்டாரு, நான் மட்டும் கத்தியும் பையுமா இங்க வந்தேன். எங்க தொழில்ல ஒரு பழக்கம். செடியைப் பாத்தேன்னு சொன்னா எவனும் நம்ப மாட்டான், ஒரு இலையை வெட்டி, காகிதத்துல வச்சு அழுத்தி, காய வச்சுக் கொண்டு போயிக் காட்டணும். கொத்துக்கு ஒரு இலை, அதுவும் அடியில தூள் நல்லா முத்தின பெரிய இலை. எதுத்தாப்புல, அதோ அந்தக் கரையில, மண்ணுல இருந்து வெளிய வந்து கீழ நோக்கித் தொங்குது என் செடி, பனி கொஞ்சம் விலகினா இங்க இருந்தே தெரியும். இந்த ஓடை பூராவும் தேடி ரெண்டு கொத்துதான் பாத்தேன். இருக்கிறதுலயே நீளமான இலை நடுவுல தொங்கிச்சு. நுனியை மட்டும் திருப்பிப் பாத்தேன், தூள் முத்தி வெடிக்கிற பக்குவத்துல இருந்துச்சு. கத்தியை வச்சு ஒரே இழுப்பு. இலை கையில வந்துச்சு, இலை இருந்த இடத்துல ஒரு பொந்து. உள்ள பாசியும் வேருமா மெத்தை, மெத்தையில ரெண்டு முட்டை. சாம்பல் பச்சையில, மழைத்தண்ணி பட்ட மாதிரி பழுப்பு ஓடிப்போய். நான் கதவைத் திறந்துட்டேன். அதோட வீட்டுக் கதவு என் கையில இருக்கு. இதுவரைக்கும் தப்புன்னு சொல்ல முடியாது, யாருக்குத் தெரியும் அங்க கூடு இருக்குன்னு, தெரியாம நடந்ததுக்குச் சாமி கூட ஒண்ணும் சொல்லாது. அதுக்கு அடுத்த நொடிதான். அந்த முட்டையைப் பாத்த அடுத்த நொடி எனக்குள்ள ஒண்ணு எந்திரிச்சு உக்காந்துச்சு. சந்தோஷம். வேற பேரு வச்சுப் பாத்துட்டேன் ராத்திரி பூராவும், அதிர்ச்சின்னேன், ஆச்சரியம்னேன், ஒண்ணும் ஒட்டல. சந்தோஷம்தான். இப்ப என்ன பண்ணுவே, பாடு பாப்போம்னு ஒரு குரல். என் குரல்தான்.

அந்தச் சந்தோஷத்தை எனக்கு முன்னாலயே தெரியும். அதான் தூக்கமே வரல. என் அக்கா ரெஜினா கோயில் பாட்டுக்குழுவுல பாடுவா. ஞாயித்துக்கிழமை பூசைக்கு ரெண்டு பேரையும் ஒரே துணியில தச்ச பாவாடை சட்டையைப் போட்டுத்தான் அம்மா அனுப்புவாங்க, அவ மேல மாடத்துல நின்னு பாட, நான் கீழ பெஞ்சில. பூசை முடிஞ்சு வெளிய வந்தா சனமெல்லாம் அவ கன்னத்தைக் கிள்ளும், அவ என் கையை விடாமப் பிடிச்சுக்கிட்டு நிப்பா, அவங்களும் மரியாதைக்கு, நீயும் பாடுவியாம்மான்னு கேப்பாங்க. ஜெசிந்தா நல்லாப் படிப்பாள்னு அக்கா சொல்லுவா. என்னை விட்டுக் குடுத்ததே இல்ல அவ. கல்யாணம் ஆகி, பிள்ளை பெத்து, அப்புறமும் கிறிஸ்மஸ் ராத்திரிப் பூசைக்கு அவதான் பாடணும். போன தவக்காலத்துல அவளுக்குத் தொண்டையில கட்டி. எடுத்துட்டாங்க, பயப்பட ஒண்ணுமில்லைன்னாங்க, ஆனா குரல் போயிடுச்சு. தகரத்தைத் தேச்ச மாதிரி ஒரு சத்தம்தான் இப்ப வருது. ஆஸ்பத்திரி வராண்டாவுல மச்சான் வந்து, இனிமே பாட முடியாதாம்னு சொன்னப்போ நான் அழுதேன். நிஜமா அழுதேன். அந்த அழுகைக்கு அடியில, திருப்பிப் பாத்தா மட்டும் தெரியுற இடத்துல, அதே ஒண்ணு எந்திரிச்சு உக்காந்துச்சு. நான் கைக்குட்டையை வாயில வச்சு அமுக்கிக்கிட்டேன், எல்லாரும் அழுகையை அமுக்குறேன்னு நினைச்சாங்க. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், சாமியார்கிட்ட, பொய் பேசினேன், பொறுமையில்லாம இருந்தேன்னு வழக்கமான நாலு பாவத்தைச் சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். இதைப் பத்துக் கட்டளையில எதுல சேக்கிறது? களவா, கொலையா? பைக்குள்ள போன் அதிருது. சத்தத்தை அமத்தி வச்சிருக்கேன், ஆனா பை முதுகுல சாஞ்சிருக்கு, முதுகெலும்புல அதிருது. பாக்கவே வேண்டாம், இந்நேரத்துக்கு ரெஜினாதான். பூசைக்குப் போயிட்டு வந்து தினமும் கூப்பிடுவா. ஜெசி, சாப்டியாடின்னு அந்தத் தகரக் குரல்ல கேப்பா. அவளுக்கு வெக்கமே இல்ல அந்தக் குரலைப் பத்தி. வெக்கப்பட வேண்டியவ நான் இங்க கல்லு மேல உக்காந்திருக்கேன். அதிர்றது நின்னுடுச்சு.

நேத்தே சொல்லியிருக்கலாம். நேரா ரெஸ்ட் ஹவுஸுக்கு ஓடி, சார் எந்திரிங்க, இப்படி ஆயிப் போச்சுன்னு சொல்லியிருந்தா அப்பவே ஏதாவது பண்ணியிருப்பாரு. நான் என்ன பண்ணினேன்? இலையைப் பையில போட்டுக்கிட்டு, கரையை விட்டுச் சறுக்கி இறங்கி, திரும்பிப் பாக்காம நடந்தேன், கடையில எதையோ எடுத்துட்டுப் போறவ மாதிரி. ரூமுல கதவைச் சாத்திக்கிட்டு இலையைக் காகிதத்துல விரிச்சேன். லென்ஸை வச்சு அடிப்பக்கத்தைப் பாத்தப்போ இன்னொண்ணு தெரிஞ்சுச்சு. வரிவரியா இருக்க வேண்டிய தூள், இலையோட நடுவுல ஒரு பட்டைக்கு மட்டும் இல்ல. உராஞ்சு போயிருக்கு. அந்த ஓரத்துல நீலச் சாம்பலா நூல் மாதிரி ஒரு இறகுத்துணுக்கு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பொந்துக்குள்ள போகும்போதும் வரும்போதும் அந்தப் பறவை இந்த இலையை முதுகால தள்ளிக்கிட்டுத்தான் போயிருக்கு. என் செடியோட தூளை முதுகுல சுமந்துக்கிட்டுச் சோலை பூராவும் திரிஞ்சிருக்கு. இந்த உலகத்துல இந்த இலையோட அடிப்பக்கத்தைத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், எனக்கு முன்னால அது தெரிஞ்சு வச்சிருக்கு. இதைப் பாத்த உடனே எனக்கு அழுகை வந்திருக்கணும்ல? வரல. கட்டுரைத் தலைப்பு வந்துச்சு. மலைச்சோலைப் பெரணியின் பரவலில் பறவையின் பங்குன்னு தலைப்பு, கீழ என் பேரு, எந்த இதழுக்கு அனுப்பலாம்னு ஒரு யோசனை. அங்க முட்டை குளிர்ல கிடக்கு, இவ தலைப்பு வைக்கிறா. சாயங்காலம் சாரு சப்பாத்தியைப் பிச்சுக்கிட்டே, இன்னைக்கு ஏதாவது கிடைச்சுதா மேடம்னு கேட்டாரு. ஒரு இலை சார்னேன். நல்ல இலையான்னாரு. நல்ல இலைன்னேன். குருமா நல்லாருக்குல்லன்னாரு. ஆமா சார்னேன். காது மந்தமான மனுஷன்கிட்டப் பொய் சொல்றது ரொம்பச் சுலபம். குரல் நடுங்கினாத் தெரியாதுல்ல.

பனி கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறுது. கரையோட கீழ்ப்பாதி தெரியுது, இன்னும் கொஞ்சம் ஏறினா கொத்து தெரிஞ்சுடும். ஏறாதேங்கிறேன். இப்ப ஒரு சத்தம். ஸ்ஸீன்னு, ஊசியில நூல் கோக்கிற மாதிரி மெலிசா. பாட்டு இல்ல அது. பாட்டுன்னா விசில் அடிச்ச மாதிரி மேல போயிக் கீழ வந்து சுத்தும். இது ஒரே இழுப்பு, நிறுத்தி நிறுத்தி, கரைப்பக்கம். பயந்தா இப்படித்தான் கத்தும்னு வண்டியில சாரே வாயால இழுத்துக் காட்டினாரு. அவருக்குக் கேக்கல. விரலைத் தூக்கணும் நான். தூக்கல. கை மடியில கிடக்கு, என் கையா மாடு கட்டுற முளையான்னு தெரியல, அப்படிக் கிடக்கு. ஸ்ஸீ. தூக்கினா எங்கன்னு கேப்பாரு, அந்தப் பக்கம்னு காட்டணும், அவரு அங்க பைனாகுலரைத் திருப்புவாரு, பொந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும். தூக்கலைன்னா முட்டை ஆறிப் போகும். நேத்து மத்தியானத்துல இருந்து அது உள்ள போயி உக்காந்துச்சா இல்லையான்னு யாருக்குத் தெரியும். இதுல ஒரு வேடிக்கை, காலையில வந்ததுல இருந்து சாரு எல்லாப் பக்கமும் பாக்கிறாரு, மேல பாக்கிறாரு, ஓடை மேல பாக்கிறாரு, எனக்குப் பின்னால பாக்கிறாரு, அந்தக் கரையை மட்டும் பாக்கல. நேத்தும் பாக்கல. முதுகைத் திருப்பி வச்சுத்தான் உக்காந்தாரு. ஒரு மனுஷன் ஓடையோரமா உக்காந்து கரையைப் பாக்காம இருக்கிறதுன்னா... எனக்குச் சுரீர்னுச்சு. அவருக்குத் தெரியும். அங்க கூடு இருக்குன்னு அவருக்கு முன்னாலயே தெரியும், என் கண்ணுல படக் கூடாதுன்னு தன் கண்ணைக் கட்டி வச்சிருக்காரு. காதைப் பத்திச் சொன்ன மனுஷன் கூட்டைப் பத்திச் சொல்லல. ஏன்? என்னை நம்பல. நான் வழியெல்லாம் அந்தப் பறவையைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டு வந்தேனே, அதைக் கேட்டுக்கிட்டுத்தான் முறுக்கை நீட்டினாரு. சரியாத்தான் கணிச்சிருக்காரு. எனக்குக் கோபம் வரப் பாத்துச்சு, வந்தா நல்லாருக்கும்னு காத்துக்கிட்டிருந்தேன், கோபப்பட்டா வெக்கம் கொஞ்சம் நகந்து உக்காரும். வரல. பனி விலகிடுச்சு. கொத்து தெரியுது, நடுவுல வெட்டுப்பட்ட காம்பு, அதுக்குப் பின்னால கறுப்பா ஒரு வாய். அதுக்கு முன்னால நீலமா ஒண்ணு வந்து, படபடன்னு நின்னு, உள்ள போகாம, திரும்பிப் போயி வேர்ல உக்காருது. மறுபடி வருது. நிக்குது. திரும்பிப் போகுது. வீடு மாறி வந்துட்டோமோன்னு யோசிக்கிறவங்க மாதிரி. மேல நாவல் மரத்துல ஒரு அண்டங்காக்கை வந்து உக்காந்து தலையைச் சாச்சுப் பாத்துச்சு. நான் எந்திரிச்சுட்டேன்.

"மேடம்," அப்படின்னாரு சார், ரகசியக் குரல்ல, "வெயில் இன்னும் வரலையே."

"சார், அந்தக் கரையில கூட்டை மூடிக்கிட்டு ஒரு இலை தொங்குச்சுல்ல, அதை நேத்து நான் வெட்டிட்டேன்."

அவருக்கு விழலையோன்னு நினைச்சேன். இன்னொரு தடவை சொல்ல வாயைத் திறந்தேன். அவரு கரையைப் பாத்தாரு, ரெண்டு நாள்ல முதல் தடவையா. பைனாகுலரைக் கூடத் தூக்கல. மூஞ்சியில ரத்தமே இல்ல.

"முட்டை?"

"ரெண்டும் இருந்துச்சு. நேத்து மத்தியானம். அது இப்ப உள்ள போக மாட்டேங்குது சார், ரொம்ப நேரமாக் கத்துது. எனக்குக் கேட்டுச்சு. நான் விரலைத் தூக்கல."

திட்டுவாருன்னு நின்னேன். திட்டினா நல்லாருந்திருக்கும். அவரு தொப்பியைக் கழட்டி முழங்கால் மேல வச்சாரு.

"உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும் நான். போன வாரம் தனியா வந்தப்பவே பாத்துட்டேன்."

"என்னை நம்பலைன்னு சொல்லுங்க சார், பரவாயில்ல."

"சே, என்ன மேடம் நீங்க." நிஜமாவே அவருக்குப் புரியல. "கூட்டை யாருகிட்டயும் சொல்றது எங்களுக்குப் பழக்கமில்ல. என் வீட்டம்மாகிட்டக் கூடச் சொன்னதில்ல. காது என்னோடது, அதைப் பத்தி நான் சொல்லலாம். கூடு என்னோடது இல்லையே."

எனக்கு அந்த இடத்துலயே ஓடைக்குள்ள இறங்கி மூழ்கிடலாம் போல இருந்துச்சு, முழங்கால் தண்ணிதான். மனுஷன் என்னைச் சந்தேகப்படவே இல்ல. சந்தேகப்பட்டிருந்தா அவரும் கொஞ்சம் சின்னவரா ஆகி என் பக்கத்துல வந்து நின்னிருப்பாரு. காக்கை இன்னொரு கிளைக்கு இறங்குச்சு. சார் ஒரு கல்லை எடுத்து வீசினாரு, பறவைக்காரர் பறவை மேல கல்லெறிஞ்சு நான் பாத்தது இதுதான் முதல் தடவை. ஏதாவது வச்சு மறைக்கணும் மேடம், என்ன வைக்கலாம், நீங்க சொல்லுங்கன்னாரு. நான் சொல்லணுமாம். ரூமுல காகிதத்துக்குள்ள இருக்கிற இலை செத்துப் போச்சு. அந்தக் கொத்துல மிச்சமிருக்கிறது குட்டையும் தளிரும். அடுத்த கொத்து ஓடையோட வளைவுல இருக்கு, அதுல ஒரே ஒரு நீள இலை. நான் அந்தப் பக்கம் ரெண்டடி எடுத்து வச்சுட்டேன். கத்தி பையிலதான் இருக்கு. அதை வெட்டினா அந்தக் கொத்து இந்த வருஷம் தூள் விடாது, சரி, விடாமப் போகட்டும், இது நான் கட்ட வேண்டியதுன்னு ஒரு வீராப்பு. அப்புறம் காலுக்குக் கீழ பாத்தேன். வழியோரமா மண்டிக் கிடக்குது சாதாரணப் பெரணி, ஆடு கூடத் திங்காது, வேலிக்கு வேலி, மேட்டுக்கு மேடு. வகுப்புல இதைக் காட்டி, இது ஒரு களை, இதைத் தாண்டிப் போங்க, பாக்க வேண்டியது உள்ள இருக்குன்னு சொல்லுவேன். வாழ்க்கையில இதை ஒரு தடவை கூடத் திருப்பிப் பாத்ததில்ல. நீளமா ஒண்ணை அடியோட ஒடிச்சேன். ஓடையைத் தாண்டி, சறுக்கிற கரையில முழங்காலை ஊனி, பொந்துக்கு மேல ஈர மண்ணுல காம்பைச் சொருகினேன். எப்படித் தொங்கணும்னு எனக்குத் தெரியும், நேத்து அது தொங்கின விதம் கண்ணுக்குள்ளயே இருக்கு. அடிப்பக்கம் உள்ள பாத்து இருக்கணும். நுனி பொந்தோட கீழ் உதட்டைத் தாண்டி இருக்கணும். மூடுறதுக்கு முன்னால உள்ள பாத்தேன். ரெண்டும் இருக்கு. தொட்டுப் பாக்கணும்னு விரல் போச்சு, சார் அங்க இருந்தே தலையாட்டினாரு, கையை எடுத்துக்கிட்டேன். சூடா இருக்கா ஆறிப் போச்சான்னு தெரியாமலேதான் இலையை இறக்கி விட்டேன். தப்பு பண்ணினவளுக்கு அதைத் தெரிஞ்சுக்கிற உரிமையும் இல்ல.

திரும்பி வந்து பழையபடி உக்காந்தோம். நான் இந்தத் தடவை அவரோட வலது பக்கத்துல உக்காந்தேன், மந்தமான காதுப் பக்கம். வேணும்னு உக்காந்தேனா, கல்லு அங்கதான் காஞ்சிருந்துச்சான்னு கேட்டா என்ன சொல்ல. பறவை வேருல உக்காந்து வாலை விரிச்சு மூடி விரிச்சு மூடிக்கிட்டு இருந்துச்சு. சார் மூச்சு விடல. நான் சொன்னேன், உதடு மட்டும் அசையுற அளவுக்கு, "அந்த முட்டையைப் பாத்தப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு சார்."

"என்ன மேடம்?" அவரு திரும்பினாரு.

"ஒண்ணுமில்ல சார்."

அவரு என்னையே பாத்தாரு. கேட்டுச்சா கேக்கலையா, எனக்குத் தெரியல, கேக்கவும் மாட்டேன். அப்புறம் கரைப்பக்கம் கண்ணைக் காட்டினாரு. நீலம் ஒண்ணு பறந்து வந்து, இலைக்கு முன்னால அரைநொடி நின்னு, முதுகால தள்ளிக்கிட்டு உள்ள போயிடுச்சு. என்ன பெரணின்னு பாக்கல. லத்தீன் பேரு கேக்கல. ஒரு இலை, அவ்வளவுதான் அதுக்கு. நான் வெளிய வருதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரல. உள்ளயே உக்காந்துடுச்சு. பைக்குள்ள போன் மறுபடி அதிர ஆரம்பிச்சுது. இன்னைக்குப் பேசணும் அவகிட்ட, பேசி என்ன சொல்லப் போறேன், சாப்டேன்டின்னு சொல்லுவேன். அவ குரலைக் கடைசி வரைக்கும் கேப்பேன், சீக்கிரம் வைக்கிறதுக்குச் சாக்கு தேட மாட்டேன். வெயில் நாவல் மரத்து உச்சியில பட்டுச்சு, இன்னும் ஓடைக்கல்லுக்கு வரல. அப்பத்தான் மேல இருந்து வந்துச்சு. முதல்ல ஒரு விசில், அப்புறம் அது மேல ஏறி, சுத்தி, ஒண்ணுக்குள்ள ஒண்ணா, நேத்துக் கேட்டதை விட நீளமா. சாரு ஓடையைப் பாத்துக்கிட்டு இருக்காரு. அவருக்கு ஒண்ணும் விழல. திரும்பி என் கையைப் பாத்தாரு.

நான் விரலைத் தூக்கினேன். பாட்டு முடியுற வரைக்கும் இறக்கல.